பெயரின் நீளம்

பிர்னோவில் பிப்ரவரி. இரவு ஒன்றரை.
பழுதான ஓவனுக்குள் ஒரு மடிக்கணினி,
கூடவே குட்டி ஆண்டெனா.
கதவிடுக்கில் அலுமினியத் தாளைச் சுருட்டி அடைக்கிறாள் திரஹோமீரா.
உள்ளே பேசுவது வெளியே கேட்கக் கூடாது.

காதுக்கு இமை இல்லை.
வைஃபை சில்லுக்கும் அப்படித்தான்.
யாரோடும் சேராமல் சும்மா கிடக்கும்போதும்
தெருவில் போகிற பெயரையெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கும்.
நொடிக்குப் பத்து முறை கூவுகின்றன ரூட்டர்கள்:
மூன்றாம் மாடி வாத்துகள்,
திருடாதே ராதிம்,
பல் மருத்துவர் காத்திருப்பறை,
பெயர் சொல்லாமல் இருமுகிற ஒன்று.

பெயருக்கு முன்னால் ஓர் எண்ணைச் சொல்ல வேண்டும்:
என் நீளம் இத்தனை பைட்.
முப்பத்திரண்டைத் தாண்டக் கூடாது, அதுதான் கட்டுப்பாடு.
(தமிழில் வைத்தால் பத்து எழுத்தில் மூச்சு முட்டும்.
அது வேறு வழக்கு.)

ஓவனுக்குள் ஆண்டெனா பொய் சொல்கிறது:
என் பெயர் இருநூற்று ஐம்பத்தைந்து.
டிரைவர் நம்புகிறது.
முப்பத்திரண்டு இலை போட்ட பந்திக்கு
அத்தனை பேரையும் வாருங்கள் என்கிறது.
மிஞ்சியவர்கள் அடுத்த அறைக்குள் ஏறுகிறார்கள்.
அது கர்னலின் அறை.
வேலை முடிந்து திரும்பும் வழியைத்
தரையில் எழுதி வைத்திருந்தது.
அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டார்கள்.

திரை கறுக்கிறது.
1:47 என்று குறித்துக்கொள்கிறாள்.

1:49. மேல்மாடியில் நாற்காலி நகர்கிறது.
1:51. கதவு தட்டும் சத்தம்.

வெந்தெலீன். பைஜாமாவுக்கு மேல் டிராம் ஓட்டுநரின் கோட்டு.
பின்மாலைப் பணி முடித்து
லிமாவில் யாரோ ஒருவரோடு சதுரங்கம் ஆடிக்கொண்டிருந்தார்,
ராணியைத் தூக்கிய கணத்தில் கணினி செத்துவிட்டது.
"உங்கள் வீட்டிலும் மின்சாரம் போனதா?"

ஆமாம் என்றால் முடிந்தது.
அவள் ஓவனைத் திரும்பிப் பார்க்கிறாள்.
தாளுக்கும் கதவுக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி.

"நான்தான்."

"என் கணினி உங்களோடு சேர்ந்ததே இல்லையே."

"சேர வேண்டாம். காதில் விழுந்தால் போதும்.
தப்பு டிரைவருடையது."

அந்தச் சொல் அவருக்குச் சுருக்கென்றது.
"கதவு மூடாமல் என் வண்டியில் சக்கரம் நகராது.
இவனுக்கு அதுகூட இல்லையா?"

விடியும்போது அந்த வரியைக் கண்டுபிடித்தாள்.
வரியை அல்ல, வரி இல்லாத இடத்தை.
தாண்டினால் தள்ளிவிடு.
அந்த 'ஆல்' ஒன்றுதான் விடுபட்டிருந்தது.
ஆற்றில் போட்டாலும் அளந்து போடச் சொன்ன மொழியில்
உட்கார்ந்துகொண்டு நான் இதைச் சொல்வது சுலபம்.
எழுதியவனுக்கு அன்று வெள்ளிக்கிழமை மாலையாக இருந்திருக்கும்.

சில்லு செய்த கம்பெனிக்கு எழுதினாள்.
நாற்பத்தோராம் நாள் பதில்:
மிக்க நன்றி.
அந்த மாடலுக்கு ஆதரவு முடிந்து மூன்றாண்டு ஆகிறது.
புதியது வாங்கிக்கொள்ளவும்.

ஞாயிறன்று மேலே ஏறிப் போனாள்,
பல் குத்தும் குச்சி அளவுத் திருப்புளியோடு.
நகம் பெரிது இரண்டு நகம் இருக்கும் அந்த அட்டை.
கழற்றித் தீப்பெட்டிக்குள் போட்டாள்.
"இனி இதற்குக் காது கேட்காது," என்றாள்.
"என் அத்தைக்கும்தான். நிம்மதியாக இருக்கிறாள்," என்றார் அவர்.

வெப்பக்குழாய் ஏறுகிற ஓட்டை வழியே
அவள் சமையலறையிலிருந்து அவர் மேசைக்கு
நீலக் கேபிள் ஒன்று போகிறது இப்போது.
தூசி தட்டினால் அவள் சூப்பில் விழுகிறது.

லிமாக்காரர் காத்திருக்கிறார்.
எட்டுக்கு எட்டுக் கட்டம், முப்பத்திரண்டு காய்.
வெந்தெலீன் குதிரையைத் தூக்கிப்
பலகைக்கு வெளியே ஒரு கட்டத்தில் வைத்துப் பார்க்கிறார், வேண்டுமென்றே.
அது ஒத்துக்கொள்ளவில்லை.
குதிரை பழைய இடத்துக்கே திரும்பி நிற்கிறது.